வேன் பயணத்தில் ஓவன் சொதப்பினால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

வீட்டு ஓவனில் சூடு மேலும் கீழும் சுற்றியும் வரும். எப்போது கூட்ட, எப்போது குறைக்க என்பதைத் தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்ளும். வேனில் எடுத்துப்போகிற ஓவனுக்கு அடியில் எரியும் உள்ளங்கை அகலச் சுடர் ஒன்றுதான் கதி. அதனால் கேக் கெட்டவுடன் மைதாவையும் முட்டையையும் கூட்டிக் குறைக்க ஆரம்பிக்காதீர்கள். வீட்டில் சரியாக வந்த செய்முறை வேனில் வரவில்லை என்றால், சூடு எந்த வழியாகப் போகிறது, எங்கே முட்டி நிற்கிறது என்று முதலில் பாருங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் போதும். சுடரையும் டிரேயையும் மாவையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசி வரை தெரியாது.

இங்கே மூன்று வகை ஓவன்களைப் பற்றிப் பேசுகிறோம். ஓம்னியா மாதிரியான வளைய ஓவன்: ஸ்டீல் அடித்தட்டு, நடுவில் துளையுள்ள அலுமினியப் பாத்திரம், ஓட்டை போட்ட மூடி. அடுத்தது, பர்னர் மேல் தூக்கி வைக்கிற மடக்குப் பெட்டி. மூன்றாவது மின்சாரத்தில் ஓடுகிற சின்ன ஓவன். அதற்குக் கடைசியில் வருகிறோம்.

எதற்கும் முன்: தெர்மாமீட்டரைச் சோதியுங்கள்

மடக்குப் பெட்டியின் கதவில் பதித்த தெர்மாமீட்டர் கதவோரச் சூட்டைத்தான் காட்டும். கேக் இருக்கும் இடத்தில் 20, 30 டிகிரி கூடவோ குறையவோ இருக்கலாம். வண்டி குலுங்கிக் குலுங்கி முள்ளும் இடம் மாறியிருக்கும். தனியாக ஒரு ஓவன் தெர்மாமீட்டரை டிரே உயரத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

அதுவும் கையில் இல்லையா? சர்க்கரை போதும். ஃபாயிலைச் சின்னக் கிண்ணமாக மடித்து ஒரு டீஸ்பூன் வெள்ளைச் சர்க்கரை போட்டு, நன்றாகச் சூடேறிய ஓவனில் 15 நிமிடம் வையுங்கள். சர்க்கரை உருகுவது சுமார் 186 டிகிரியில். முள் 175 காட்டும்போதே உருகிவிட்டால் ஓவன் காட்டுவதைவிடச் சூடு. 190 காட்டியும் மணலாகவே கிடந்தால் சூடு குறைவு. எவ்வளவு வித்தியாசம் என்பதை ஒரு சீட்டில் எழுதிக் கதவிலேயே ஒட்டிவிடுங்கள்.

அடி கருகுகிறது, மேலே மாவாகவே இருக்கிறது

அதிகம் பேரைப் படுத்துகிற கோளாறு இதுதான். காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்: சுடர் பெரிது, சுடர் குறுகியது, அல்லது சூடு மேலே போக வழியில்லை.

வளைய ஓவனில் கடைசிக் காரணத்தை முதலில் பாருங்கள். அடித்தட்டில் சூடான காற்று பாத்திரத்தின் நடுத்துளை வழியாக மேலே ஏறி, மூடியில் மோதி, மாவின் மேல் பரவுகிறது. மேல்சூடு என்று அங்கே இருப்பது அது ஒன்றே. பட்டர் பேப்பரை வட்டமாக வெட்டிப் பாத்திரம் முழுக்க விரித்தால் துளை அடைபட்டுப் போகும். அப்புறம் மேல்பாகம் வேகாது. பேப்பரை வளையமாக வெட்டுங்கள், துளையின் விளிம்பைத் தாண்டி ஒரு நூல்கூட நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. மாவும் பாதி உயரம், மிஞ்சினால் மூன்றில் இரண்டு பங்கு. அதற்கு மேல் ஊற்றினால் கேக் உப்பி மூடியை முட்டும், ஓட்டைகள் அடைபடும், துளைக்குள் வழிகிற மாவு அடித்தட்டில் விழுந்து கருகிப் புகையும்.

அடுத்தது சுடர். கீழ்க்கண்ட வரிசையில் வைத்துப் பாருங்கள்:

1. வெறும் அடித்தட்டை மட்டும் நடுத்தரச் சுடரில் 2 முதல் 3 நிமிடம் காய வையுங்கள். மூடியையும் மாவுப் பாத்திரத்தையும் சேர்த்துக் காய வைக்க வேண்டாம்.
2. மாவு ஊற்றிய பாத்திரத்தை வைத்து மூடி, அதே சுடரில் 5 நிமிடம்.
3. பிறகு சிம்முக்குச் சற்று மேலே இறக்கிவிடுங்கள். வீட்டு ஓவனில் 30 நிமிடம் பிடிக்கிற கேக் இங்கே 35, 40 ஆகலாம். அவசரப்பட்டுச் சுடரைக் கூட்டினால் அடிதான் கருகும்.
4. முதல் 25 நிமிடம் மூடியைத் திறக்காதீர்கள். மூடி ஓட்டையைக் கவனித்தாலே உள்ளே நடப்பது தெரியும். முதலில் ஆவி சீறிக்கொண்டு வரும், மூடி விளிம்பில் நீர்த்துளிகள் கோத்து நிற்கும். ஆவி மெலிந்து, துளிகள் வற்றி, வறுத்த வாசனை கிளம்பும்போதுதான் மேல்பாகம் நிறம் பிடிக்க ஆரம்பிக்கிறது. அதற்கு முன்னால் திறந்து பார்த்துப் பயனில்லை.

சிம்மில் வைத்தும் அடியில் காசளவு கரும்புள்ளி விழுந்தால் பர்னர்தான் குறுகியது. கேஸ் குப்பி மேல் திருகி வைக்கிற மலையேற்ற அடுப்புகளில் சுடர் ஒரே புள்ளியில் குத்தும். பர்னருக்கும் ஓவனுக்கும் நடுவே 2, 3 மில்லிமீட்டர் கனமுள்ள ஸ்டீல் தட்டு வைத்தால் சூடு பரவும். முன்கூட்டிக் காய வைக்கும் நேரத்தை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் கேஸ் குப்பி பக்கவாட்டு அறைக்குள் இருக்கிற பெட்டி அடுப்பில் இந்தத் தட்டு வேலையைச் செய்யவே கூடாது. அகலமான தட்டோ பெட்டி ஓவனோ குப்பி அறைக்கு மேல் நீண்டிருந்தால் சூடு திருப்பி அடித்துக் குப்பி காயும், வெடிக்கவும் செய்யும். எரியும்போது குப்பி குளிர்ந்து போவதுதான் இயல்பு. குப்பி அறையின் மூடி கைக்குச் சூடாகத் தெரிந்தால் அந்த நிமிடமே அணைத்துவிடுங்கள்.

மடக்குப் பெட்டியில் தீர்வு வேறு. அடித்தகட்டின் மேல் 1 சென்டிமீட்டர் கனமுள்ள பீட்சா கல்லோ மெருகு பூசாத சுட்ட ஓடோ வையுங்கள். கம்பித்தட்டை மேல் படிக்கு மாற்றுங்கள். 30 சென்டிமீட்டர் அகலமுள்ள பெட்டிக்கு 20 முதல் 23 சென்டிமீட்டர் டின் போதும். டின்னைச் சுற்றி இரண்டு விரல் இடைவெளியாவது இல்லாவிட்டால் சூடான காற்று மேலே வராது. பெரிய டிரேயை அடைத்து வைத்துவிட்டு ஓவனைக் குறை சொல்பவர்கள் நிறைய. கல் வைத்தால் 15 நிமிடம் காய வைக்க வேண்டும். பிஸ்கட் சுடுவதானால் ஒரே அளவு டிரே இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால், நடுவில் இருக்கும் காற்று அடியைக் காப்பாற்றும்.

வெந்துவிட்டது, ஆனால் மேலே வெள்ளையாக இருக்கிறது

உள்ளே 93 முதல் 96 டிகிரி வந்தால் ரொட்டி வெந்தாயிற்று. நிறம் வராதது குறைதான், ஆபத்தில்லை. முட்டையும் பாலும் அடித்துத் தடவினால் கொஞ்சம் சீக்கிரம் சிவக்கும், கூட ஒரு சிட்டிகை சர்க்கரை சேர்த்தால் இன்னும் நல்லது. கடைசி 5 நிமிடம் மூடியை மரக்கரண்டிக் காம்பளவு ஒருபக்கம் தூக்கி வைத்தால் ஆவி வெளியேறி மேல் காயும். ரொட்டியைக் கவிழ்த்து வாணலியில் 2 நிமிடம் காட்டுவதும் ஒரு வழி. எரிகரியை மூடி மேல் போடுகிற பழைய முறை வெட்டவெளியில், வார்ப்பிரும்புச் சட்டிக்கு மட்டும்தான். வேனுக்குள் கரி வேண்டவே வேண்டாம், அணைந்த மாதிரி தெரிகிற கரியும்தான்.

ஒரு பக்கம் உயரம், மறுபக்கம் தட்டை

வண்டி சாய்ந்து நிற்கிறது. காலிப் பாத்திரத்தை ஓவனில் வைத்து இரண்டு ஸ்பூன் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கச் சக்கரத்தை ஏற்ற வேண்டும். மாவு கலக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை இது.

மட்டமாக நின்றும் ஒரு பக்கம் மட்டும் கருகினால் காற்றுதான் காரணம். பக்கக் கதவும் எதிர் ஜன்னலும் திறந்திருந்தால் குறுக்குக் காற்று சுடரைச் சாய்த்துவிடும். காற்று வரும் பக்கம் ஒரு தகடு நிறுத்துங்கள். அடுப்பையும் குப்பியையும் சுற்றிலும் மட்டும் அடைத்துவிடாதீர்கள். 8 நிமிடத்துக்கு ஒரு தடவை ஓவனை மொத்தமாகக் கால் சுற்று திருப்பி வைத்தால் மிச்சமுள்ள ஏற்றத்தாழ்வு சரியாகும். மூடியைத் திறக்காமல் திருப்ப வேண்டும்.

சூடு ஏறவே மாட்டேன் என்கிறது

நன்றாக எரிந்த சுடர் 10 நிமிடத்தில் சோர்ந்து போகிறதா, ஆரம்பம் முதலே சோம்பலா என்று பிரித்துப் பாருங்கள்.

போகப் போகச் சோர்ந்தால் குப்பி குளிர்கிறது. பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரியில்தான் ஆவியாகும். ஐசோபியூட்டேன் மைனஸ் 12, புரொப்பேன் மைனஸ் 42. ஆவியாகும்போது திரவம் தன் சூட்டையே இழக்கிறது. வெளியே 5 டிகிரி இருந்தாலும் குப்பிக்குள் அதற்கும் கீழே போய்விடும், சுடர் படுத்துவிடும். சமைப்பதற்கு இது பெரிய தொல்லை இல்லை. 40 நிமிடம் ஒரே சீராக எரிய வேண்டிய ஓவனுக்குத்தான் தொல்லை. குளிர் பிரதேசத்துக்குப் புரொப்பேன் சிலிண்டர் எடுத்துப்போங்கள், அல்லது புரொப்பேன் கலந்த குப்பி. அவசரத்துக்கு, மேலே திருகுகிற வகைக் குப்பியை வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிய அகலக் கிண்ணத்தில் நிறுத்தலாம். கொதிக்கிற தண்ணீரும் வேண்டாம், சுடர் பக்கத்திலும் வேண்டாம்.

ஆரம்பத்திலிருந்தே சோம்பல் என்றால் ரெகுலேட்டரையும் ஜெட்டையும் (கேஸ் பீறிடுகிற சின்னத் துளை) பாருங்கள். அடுப்பின் தகட்டில் கேஸ் அழுத்தம் எத்தனை மில்லிபார் என்று அடித்திருக்கும். ரெகுலேட்டரில் இருப்பதும் அதே எண்ணாக இருக்க வேண்டும். 50 மில்லிபார் அடுப்புக்கு 30 மில்லிபார் ரெகுலேட்டர் மாட்டினால் எரியும், ஆனால் கேக் வேகாது. பல மாதம் கிடப்பில் இருந்த அடுப்பில் காற்று கலக்கும் குழாய்க்குள் சிலந்தி வலை கட்டியிருக்கும். குழாயைக் கழற்றி மெல்லிய பிரஷ்ஷால் துடையுங்கள். ஜெட் துளையில் ஊசி விடாதீர்கள். துளை பெரிதானால் கேஸ் கூடிச் சுடர் மஞ்சளாகும். இணைப்பைத் திரும்ப மாட்டியதும் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். கசிந்த கேஸ் காற்றைவிடக் கனம், தரையோரம்தான் தேங்கும். மூக்குக்கு எட்டும் முன்னரே அது படுக்கைக்கு அடியில் இருக்கலாம்.

அடுப்பு சரியாக எரிந்தும் பெட்டி ஓவன் 150 டிகிரியைத் தாண்டவில்லை என்றால் தகடு வழியாகச் சூடு வெளியேறுகிறது. கண்ணாடி இழை வெல்டிங் போர்வையை மேலும் இரு பக்கமும் போர்த்துங்கள். ஆவி போகும் துளையும் பர்னரைச் சுற்றியுள்ள காற்று வழியும் திறந்தே இருக்கட்டும். சாதாரணத் துணி, ஜமுக்காளம் எதுவும் கூடாது.

மஞ்சள் சுடர், அடித்தட்டில் கரி, தலைவலி

மற்ற எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டுக் கவனிக்க வேண்டிய அறிகுறி. சுடர் நீலமாக இருந்தால்தான் கேஸ் முழுசாக எரிகிறது. மஞ்சளாகி, தட்டின் அடியில் மசி பிடித்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வாசனை கிடையாது. ஓவன் வேலை செய்யும்போது யாருக்காவது தலைவலி, குமட்டல், தலைசுற்றல் வந்தால் அடுப்பை அணைத்து, கதவைத் திறந்து, எல்லோரும் வெளியே வாருங்கள். அப்புறம்தான் ஆராய்ச்சி.

சுடர் நீலமாக இருந்தும் இது நடக்கும். அகலமான அடித்தட்டு பர்னரை ஒட்டி உட்கார்ந்தால் சுடர் எரிந்து முடியும் முன்னரே குளிர்ந்த உலோகத்தில் பட்டு அவிந்துவிடுகிறது. சுடர் நுனி தட்டைத் தொட்டும் தொடாமலும் இருக்கிற உயரத்துக்குத் தாங்கு கம்பியை உயர்த்துங்கள், அல்லது சுடரைக் குறையுங்கள். கூரைத் துவாரம் ஒன்று, தாழ்வான ஜன்னல் ஒன்று என்று இரண்டும் திறந்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் திறந்தால் காற்று ஓடாது. வண்டிகளுக்கென்றே உள்ள ஐரோப்பிய இஎன் 50291-2 தரம் பெற்ற கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டுங்கள். கேக் எடுத்த பிறகு வேனைச் சூடாக்க ஓவனை எரியவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு, அது கூடாது.

ஜன்னல் திறக்க இன்னொரு காரணமும் உண்டு. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வருகிறது. 40 நிமிட பேக்கிங்குக்கு 60 கிராம் கேஸ் என்றால், கேக்கிலிருந்து கிளம்பும் ஆவி போக, ஏறக்குறைய 100 மில்லி தண்ணீர் உங்கள் ஜன்னலிலும் மெத்தையிலும் போய்ச் சேரும்.

நன்றாக உப்பி, நடுவில் அமுங்கிவிடுகிறது

கடல் மட்டத்துக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்றால் சீக்கிரம் திறந்திருப்பீர்கள், அல்லது வண்டி குலுங்கியிருக்கும். பேக்கிங் பவுடர் போட்ட மாவு வேகும்போது யாரும் உள்ளே ஏறி இறங்க வேண்டாம்.

1000 மீட்டருக்கு மேல் என்றால் கதையே வேறு. 300 மீட்டர் ஏறினால் தண்ணீர் கொதிக்கும் சூடு ஏறக்குறைய 1 டிகிரி இறங்கும்; 1500 மீட்டரில் 95, 3000 மீட்டரில் 90. காற்றழுத்தம் குறைவதால் குமிழிகள் வேகமாகப் பெருக்கும். கேக்கின் சுவர் வெந்து உறுதியாகும் முன்னரே குமிழி உடைந்து நடு இறங்கிவிடுகிறது. இங்கே மட்டும் செய்முறையில் கை வைக்கலாம்:

- 1500 மீட்டர் அளவில் பேக்கிங் பவுடரைக் கால் பங்கு வரை குறையுங்கள்.
- ஒரு கப் சர்க்கரைக்கு ஒரு டேபிள்ஸ்பூன் எடுத்துவிடுங்கள்.
- பால் அல்லது தண்ணீரை ஒன்று, இரண்டு டேபிள்ஸ்பூன் கூட்டுங்கள்.
- ஓவனை 10 டிகிரி அதிகமாக வையுங்கள், சீக்கிரம் உறுதியாகட்டும்.

இவ்வளவு உயரத்தில் ரொட்டிக்குள் 96 டிகிரி வரும் என்று காத்திருந்தால் காய்ந்துபோகும். 3000 மீட்டரில் தண்ணீரே 90-ல் கொதிக்கிறபோது அந்த எண் வராது. பல்குச்சியையும் நிறத்தையும் நம்புங்கள்.

மாவு உப்பவே இல்லை

பேக்கிங் பவுடர் என்றால்: அரை கப் வெந்நீரில் ஒரு டீஸ்பூன் போடுங்கள். பொங்கி நுரைக்காவிட்டால் ஈரம் பட்டுச் செத்துவிட்டது. வேனில் அடுப்புக்கு மேலே உள்ள அலமாரிதான் இதற்கு மோசமான இடம்.

ஈஸ்ட் என்றால் பெரும்பாலும் குளிர். மாவு 25 முதல் 27 டிகிரியில் இருந்தால் செய்முறை சொல்கிற நேரம் சரி. 8, 10 டிகிரி குறைந்தால் நேரம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். ஐஸ் பெட்டியைக் காலி செய்து, வெந்நீர் ஊற்றிய பாட்டிலை ஓரத்தில் வைத்து, மாவுக் கிண்ணத்தை உள்ளே மூடி வைத்தால் தரமான புளிப்புப் பெட்டி தயார். கடிகாரத்தைப் பார்க்காமல் விரலால் அழுத்திப் பாருங்கள்: பள்ளம் மெதுவாக, பாதி மட்டும் மேலே வந்தால் ஓவனுக்குப் போகலாம்.

பாத்திரத்தை விட்டு வர மாட்டேன் என்கிறது

வெண்ணெய் தடவி ரொட்டித்தூள் தூவுங்கள். நடுத்துளைக் குழாயை மறக்காதீர்கள், ஒட்டுவது பெரும்பாலும் அங்கேதான். வெந்ததும் பாத்திரத்தைச் சூடான அடித்தட்டிலிருந்து உடனே எடுத்து, ஈரத்துணி மேல் 5 நிமிடம் வையுங்கள். பிறகு கவிழ்த்தால் தானாக விழும். ஸ்டீல் நாரால் தேய்த்த அலுமினியம் அடுத்த தடவை இன்னும் மோசமாக ஒட்டும்.

மின்சார ஓவன்: சூடு போதவில்லை, அல்லது இன்வெர்ட்டர் நின்றுபோகிறது

12 வோல்ட் சாக்கெட்டில் மாட்டுகிற டிபன்பெட்டி ஓவன்கள் 100 வாட் சொச்சம்தான் இழுக்கும். அவை 150 டிகிரியை எட்டினாலே பெரிது. உணவைச் சூடாக்க அருமை, ரொட்டிக்கு உதவாது. அதிலும் எஞ்சின் ஓடும்போது 13.8 வோல்ட், நின்றபின் 12.2 வோல்ட் என்றால் சூடு 22 சதவீதம் குறைந்துவிடும், ஏனென்றால் ஹீட்டரின் வாட் வோல்ட்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒயர் நீளமாகவும் மெல்லியதாகவும் இருந்தால் இன்னும் கொஞ்சம் போகும். பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கொதித்தால் சாக்கெட்டின் பிடி தளர்ந்திருக்கிறது.

இன்வெர்ட்டரில் 1000 வாட் ஓவன் ஓட்டினால் பேட்டரியிலிருந்து 85, 90 ஆம்பியர் போகும். லித்தியம் பேட்டரியின் பாதுகாப்புச் சர்க்யூட் 100 ஆம்பியரில் துண்டிக்கும் வகை என்றால், கூடவே ஃப்ரிட்ஜும் தண்ணீர் பம்பும் ஓடும்போது எல்லாம் ஒரேயடியாக அணையும். லெட் ஆசிட் பேட்டரியில் வேறு மாதிரி: பாதிக்கு மேல் சார்ஜ் இருந்தாலும் இந்தப் பளுவில் வோல்ட்டேஜ் சரிந்து இன்வெர்ட்டர் கத்த ஆரம்பிக்கும். ஓவன் ஓடும்போது பேட்டரி முனையிலும் இன்வெர்ட்டர் முனையிலும் மல்டிமீட்டர் வைத்து அளந்து பாருங்கள். பேட்டரியில் 12.8, இன்வெர்ட்டரில் 12.0 என்றால் கேபிளும் இணைப்பும்தான் தின்கின்றன. ஒரு மீட்டர் தூரத்துக்கு 35 சதுர மில்லிமீட்டர் கேபிள் போட்டு, கேபிள் முனையில் உள்ள லக்குகளை இறுக்கி, பேட்டரி அருகில் பொருத்தமான ஃபியூஸ் வையுங்கள். இரண்டு முனையிலும் சேர்ந்தே இறங்கினால் பேட்டரி போதாது. 600, 700 வாட் ஓவனுக்கு மாறுவதுதான் மலிவான வழி. 100 ஆம்பியர்-மணி லித்தியத்தில் இருப்பது சுமார் 1280 வாட்-மணி. ஒரு கேக்குக்கு 400, 500 போய்விடும் என்று கணக்குப் போட்டு, சோலார் நன்றாக ஏறுகிற நடுப்பகலில் சுடுங்கள்.